பெயர் இருக்கிறது, பிள்ளை எங்கே?

இந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த மூன்றாம் நாள், ஒரு தாய் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். தை பிறந்ததும் ஊரை விட்டுப் போனவர், ஐந்து மாதம் கழித்து வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பேரை அடிச்சிடலையே டீச்சர்?" என்பதுதான். அடிக்கவில்லை என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பக்கத்தில் நின்ற பிள்ளையின் உள்ளங்கை காய்த்துப் போயிருந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை, நானாகத்தான் பார்த்தேன்.

விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், லுத்தரன் திருச்சபை நிர்வாகத்தில் உள்ள அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியை. இதே கேள்வியை வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன். சேர்க்கையைப் பற்றியும் வருகையைப் பற்றியும் எங்கள் பெற்றோர்கள் மனத்தில் ஊறிப்போயிருக்கும் எண்ணங்களில் பாதி தவறானவை. அந்தத் தவறுகளில் சிலவற்றுக்கு எங்களைப் போன்ற ஆசிரியர்களும் பொறுப்பு என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில் சேர்க்கை. ஜூலை 31ஆம் தேதிக்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். தமிழ் வழியில் கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, நன்கொடையும் கிடையாது. "மிஷன் பள்ளிக்கூடம், கிறிஸ்தவங்களுக்குத்தான் இடம்" என்று இன்றும் சிலர் தயங்குகிறார்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கும் அவருடைய தோழரும் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்துப் படிக்க வைத்த காலத்திலிருந்து தொடரும் வழி இது. எங்கள் பள்ளியில் இன்று படிக்கும் 47 பேரில் திருச்சபைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர் மட்டுமே. அரசின் உதவி பெறும் பள்ளி, மதத்தையோ சாதியையோ மட்டும் காரணமாகக் காட்டி ஒரு பிள்ளைக்கு இடம் மறுக்க முடியாது என்று அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையில் உட்கார வைக்கக்கூடாது என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. வேத வகுப்பு வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளை கதைப் புத்தகம் படிக்கும். அதே போல, சபையார் யாரும் போதகரையரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. அவருக்கும் வேலை இருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் எங்களைப் போன்ற சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைத் தெரிந்து வைத்திருக்கும் சிலர், "அப்ப நீங்க யாரை வேணும்னாலும் சேர்க்கலாம், விடலாமே" என்று என்னிடமே வாதிடுவதுண்டு. தீர்ப்பு இருக்கிறது; 2025இல் அதே நீதிமன்றத்தின் இன்னோர் அமர்வு அதன் மீது ஐயம் எழுப்பியும் இருக்கிறது. எங்கள் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது என்பதும், பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி எந்த முறையில் பிள்ளையைச் சேர்க்கிறதோ அதே முறையில்தான் நாங்களும் சேர்க்கிறோம் என்பதும் உங்களுக்குப் போதுமான பதில்.

பிறந்த தேதியில் மட்டும் தயவுசெய்து விளையாடாதீர்கள். ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கு "ஜூலைன்னு போட்டுக்குங்க டீச்சர், ஒரு வருஷம் மிச்சமாகும்" என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் மூன்று பேராவது வருகிறார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் இன்று நான் எழுதும் தேதிதான் மாற்றுச் சான்றிதழுக்குப் போகும், அங்கிருந்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்குப் போகும். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் வேறு தேதி இருந்தால், இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளை அலுவலகம் அலுவலகமாக அலையும். அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்கள், காதைச் சுற்றிக் கை தொடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஊரில் பாதிப் பேருக்கு ஜூன் மாதத்தைப் பிறந்த மாதமாக எழுதிவைத்தார்கள். பள்ளிப் பதிவேட்டின்படி என் அப்பாவுக்கும் அவர் கூடப்பிறந்த தம்பிக்கும் ஏழு மாதம்தான் இடைவெளி. வீட்டில் சிரித்துக்கொள்ளலாம், இன்று அப்படி எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். 2023 அக்டோபர் 1ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்கு, பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டம் மாறிவிட்டது. சான்றிதழில் பிள்ளையின் பெயர் இல்லாமல் வெறுமனே 'ஆண்', 'பெண்' என்று இருந்தால், பள்ளிக்கு வருவதற்கு முன்பே பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பதினைந்து ஆண்டு வரை சேர்க்கலாம் என்பதற்காகப் பதினான்காம் ஆண்டு வரை காத்திருக்காதீர்கள்.

இனி, நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். பதிவேட்டில் பெயர் இருந்தால் பிள்ளை படிக்கிறது என்று பொருள் என நினைக்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. ஜனவரியில் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, ஒரு நாள்கூட வராவிட்டாலும், ஜூனில் நான்காம் வகுப்பில் உட்காரும். ஆகவே பெயர் மட்டும் அழியாமல் இருந்தால் எல்லாம் சரியாக நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. தோல்வி இல்லை என்ற ஏற்பாடு, ஏழை வீட்டுப் பிள்ளை மனமுடைந்து பள்ளியை விட்டு ஓடிவிடக்கூடாது என்பதற்காக வந்தது. அதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் வகுப்பு ஏறுவதும் எழுத்து ஏறுவதும் வேறு வேறு. அன்று என் அறையில் நின்ற பிள்ளையிடம் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடையாளம் கண்டுகொண்டாள், மூன்றாவதில் நின்றுவிட்டாள். எண்ணச் சொன்னேன். ஐந்து ஐந்தாக நூறு வரை மூச்சுவிடாமல் எண்ணினாள். எப்படி என்று கேட்டால், "கல்லு அடுக்கும்போது அப்படித்தான் எண்ணணும்" என்றாள். திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளையில், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கூலிக் கணக்கில் அப்பாவும் அம்மாவும் கல் அறுக்க, காய்கிற கல்லைத் திருப்பிவைப்பது அவள் வேலையாக இருந்திருக்கிறது.

முன்பணம் வாங்கிவிட்ட குடும்பம் போகாமல் இருக்க முடியாது என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியும். அதற்காக நான் யாரையும் கண்டிக்கவில்லை. என் கோபம் வேறு. அந்தத் தாய் போவதற்கு முதல் நாள் உதவி ஆசிரியையைத் தெருவில் பார்த்து, "கொஞ்ச நாள் ஆஜர் போட்டு வையுங்க டீச்சர், வந்துடுவோம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. சொன்னால் பெயரை நீக்கி, மாற்றுச் சான்றிதழைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவோம் என்ற பயம். ஐந்து மாதமாக அவருடைய கைப்பேசி எண் அணைந்தே கிடந்தது. சூளைக்கு இரண்டு கிலோமீட்டரில் ஒரு பள்ளி இருந்திருக்கிறது. அங்கே பிள்ளையை அனுப்பினால் இங்கே பெயர் போய்விடும் என்று அனுப்பவில்லை.

ஆஜர் போடுவது என்றால் என்ன என்று ஒரு முறை விளக்கிவிடுகிறேன். காலையில் பிள்ளை வந்தால் பதிவேட்டில் ஒரு சாய்கோடு. மதியம் இருந்தால் எதிர்ப்பக்கமாக இன்னொரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி. இதையேதான் செயலியிலும் ஏற்றுகிறோம். அந்தக் குறியை வைத்துத்தான் அன்றைக்கு எத்தனை பேருக்கு அரிசி அளப்பது, எத்தனை முட்டை வேகவைப்பது என்று சத்துணவுக் கூடத்தில் கணக்கு எழுதப்படுகிறது. வராத பிள்ளைக்கு நான் குறி போட்டால், சாப்பிடாத பிள்ளைக்குச் சோறு போட்டதாகப் பொய்க் கணக்கு எழுதுகிறேன். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. வராத பிள்ளையைத் தேடிப் போவதற்கு உள்ள ஒரே தடயம், வராத நாளுக்குச் சிவப்பு மையில் போடும் குறிதான். அதை மறைத்துவிட்டால் அந்தப் பிள்ளை காணாமல் போனதே யாருக்கும் தெரியாது.

எங்கள் தரப்புக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 1ஆம் தேதி உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்று ஆனால் மூன்றாவது ஆள். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் உபரியாகி வேறு பள்ளிக்குப் போக வேண்டும். வராத பிள்ளையின் பெயரை நீக்க மனம் வராத தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதையும், அதற்கு எப்போதும் பிள்ளைப் பாசம் மட்டுமே காரணமல்ல என்பதையும் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். எங்கள் பள்ளியில் மூன்றாவது ஆசிரியர் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்துகிறோம். கஷ்டம்தான், இல்லாத பிள்ளையைக் காட்டி அதைத் தீர்த்துக்கொள்ள முடியாது.

ஆகவே, வெளியூர் போகிறவர்கள் போவதற்கு ஒரு வாரம் முன்பாவது வந்து சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழ் உங்களை ஊரை விட்டுத் துரத்தும் ஓலை அல்ல. அதை வாங்கிக்கொண்டு சூளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டு, ஆனியில் திரும்பும்போது அங்கே ஒரு சான்றிதழ் வாங்கி வந்தால், அதே வகுப்பறையில் அதே இடத்தில் பிள்ளை உட்காரும். எமிஸ் எண், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண், ஒன்றுதான். பள்ளி மாறினாலும் அது மாறாது. நாங்கள் விடுவித்தால் அது காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போகும், அந்தப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். சொல்லாமல் போய்விட்டீர்களா? அப்போதும் பிள்ளையை அங்குள்ள பள்ளிக்கு அழைத்துப் போங்கள். சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அங்கிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பள்ளிக்கே வராமல் எட்டு வயதாகிவிட்ட பிள்ளையைக்கூட வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்ப்போம். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

உள்ளூரில் இருந்துகொண்டே வராதவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் வீட்டில் வையுங்கள். அம்மை போட்டிருந்தால் பொருக்கு காய்ந்து உதிரும் வரை அனுப்பவே வேண்டாம். வருகை குறையுமே என்று அனுப்பி வகுப்புக்கே வாரி வழங்காதீர்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காக்காரியை நிறுத்துவது விடுப்புக்குக் காரணமாகாது. அங்கன்வாடி நாலாவது தெருவில் இருக்கிறது. மேல்மலையனூர் மயானக் கொள்ளைக்கு ஒரு நாள் போய் வாருங்கள், ஆத்தாள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்த வாரம் முழுவதும் வேண்டாம். சாப்பாட்டு மணி அடித்ததும் வாசலில் வந்து நின்று பிள்ளையை அழைத்துப் போகும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். மதியம்தான் கணக்கு நடத்துகிறோம்.

கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் 2024 ஜூலை 15 முதல் காலை உணவு வந்த பிறகு, பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே வந்துவிடுகிறார்கள். திங்கட்கிழமைகளில் காலியாகக் கிடந்த முன்வரிசை இப்போது நிறைந்திருக்கிறது. ஒரு கிண்ணம் ரவா உப்புமா செய்ததை எங்களுடைய இருபது வருட அறிவுரை செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை.

பெற்றோர்களிடம் ஒரு கெஞ்சல். கைப்பேசி எண் மாறினால் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் மூன்றாம் நாளும் பிள்ளை வராவிட்டால் நானோ உதவி ஆசிரியையோ வீட்டுக்கு நடந்து வருகிறோம். வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைப் போல அலுப்பான வேலை வேறு இல்லை.

அந்தப் பிள்ளை இப்போது நான்காம் வகுப்பில் இருக்கிறாள். மாலையில் அரை மணி நேரம் அவளோடு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் படிக்கிறோம். அவள் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறான். தாயிடம் சூளை இருக்கும் ஊரின் பெயரையும், மேஸ்திரியின் எண்ணையும் கேட்டு, சேர்க்கைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே குறிப்புப் பத்தியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். போகிக்கு முன்னால் வந்து சான்றிதழ் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.