டிவைடிங் ஹெட்: பிழையை நாற்பதால் வகுக்கும் கருவி

ஒரு வட்டத்தை ஆறாகப் பிரிக்கச் சொன்னால் பள்ளிப் பிள்ளைகூடக் காம்பஸை எடுத்துப் பிரித்துவிடும். எட்டாகப் பிரிப்பதும் பெரிய வேலையில்லை. 28 பல் உள்ள ஒரு கியர் செய்ய இருபத்தெட்டாகப் பிரிக்கச் சொன்னால்தான் சிக்கல். 360-ஐ 28-ஆல் வகுத்தால் 12.857142 என்று முடிவில்லாமல் போகிறது. அந்தக் கோணத்தை எந்தப் பாகைமானியிலும் குறிக்க முடியாது. காம்பஸின் கால்களை உத்தேசமாக அகட்டி, வட்டத்தின் மேல் ஒவ்வோர் அடியாக வைத்துக்கொண்டே போகலாம். ஆனால் ஓர் அடிக்கு 0.02 மி.மீ. பிசகினால் 28 அடி முடியும்போது அது 0.56 மி.மீ. ஆகியிருக்கும். அத்தனையும் கடைசிப் பல்லின் தலையில் விழும். மற்ற 27 பற்களும் ஒரே பருமனில் இருக்க, அது மட்டும் மெலிந்தோ தடித்தோ நிற்கும். அந்தக் கியரை ஓட்டினால் சுற்றுக்கு ஒரு முறை தட்டும்.

சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினின் மேசைமேல் போல்ட் போட்டு நிறுத்தும் டிவைடிங் ஹெட் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பார்வைக்கு ஒரு கனத்த வார்ப்பிரும்புப் பெட்டி. ஒரு பக்கம் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் அல்லது சென்டர், இன்னொரு பக்கம் துளைகள் நிறைந்த ஒரு வட்டத் தகடும் ஒரு கைப்பிடியும். உள்ளே முக்கியமானவை இரண்டே உறுப்புகள். வேலைப்பொருளைத் திருப்பும் தண்டான ஸ்பிண்டிலில் பொருத்திய 40 பல் சக்கரமான வார்ம் வீல் ஒன்று; அதன் பற்களைப் பற்றி நிற்கும், திருகு போன்ற ஒற்றை மரை வார்ம் மற்றொன்று. கைப்பிடியான கிராங்க் வார்மின் தண்டில் இருக்கிறது. கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வார்ம் வீல் ஒரே ஒரு பல் நகரும். ஸ்பிண்டிலும் அதில் பிடித்திருக்கும் வேலைப்பொருளும் ஒரு சுற்றில் 40-ல் ஒரு பங்கு, அதாவது 9 பாகை திரும்பும்.

இதிலிருந்தே கணக்கு வந்துவிடுகிறது. வட்டத்தை எத்தனை பங்காக்க வேண்டுமோ அந்த எண்ணால் 40-ஐ வகுத்தால், ஒரு பங்குக்குக் கிராங்கை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். பத்துப் பங்குக்கு 4 சுற்று, இருபதுக்கு 2 சுற்று. 40-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் நிறைய இருப்பது இந்த விகிதத்தின் வசதி. எல்லா ஹெட்டும் 40 அல்ல; 60, 90 என்ற விகிதங்களிலும் உண்டு. கைக்குப் புதிதாக வந்த ஹெட்டில், வேலை தொடங்கும் முன் ஸ்பிண்டிலில் ஒரு கோடு போட்டு, அது ஒரு முழு வட்டம் வர எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

சதுரம், அறுகோணம் மாதிரியான எளிய வேலைகளுக்கு வார்மைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, ஸ்பிண்டிலின் முகப்பிலுள்ள 24 துளைத் தகட்டை வைத்து நேரடியாகவே திருப்பலாம். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

28-க்கு வருவோம். 40-ஐ 28-ஆல் வகுத்தால் ஒரு முழுச் சுற்றும் இன்னும் 3/7 சுற்றும். முழுச் சுற்று எளிது. 3/7 சுற்றை எப்படி அளப்பது? துளைகள் நிறைந்த இண்டெக்ஸ் பிளேட் அதற்குத்தான். அதில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல துளை வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் துளைகளின் எண்ணிக்கை வேறு. பிரவுன் அண்ட் ஷார்ப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் முறையில் மூன்று பிளேட்டுகள். முதலாவதில் 15 முதல் 20 வரை. இரண்டாவதில் 21, 23, 27, 29, 31, 33. மூன்றாவதில் 37, 39, 41, 43, 47, 49. நமக்கு 7-ஆல் வகுபடும் வட்டம் வேண்டும், 21 இருக்கிறது. 21-ல் 3/7 என்றால் 9. ஆக ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச் சுற்றும், 21 துளை வட்டத்தில் 9 இடைவெளியும்.

துளை என்று சொல்லாமல் இடைவெளி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிராங்கிலுள்ள ‘பின்’ என்ற ஊசி இப்போது உட்கார்ந்திருக்கும் துளை கணக்கில் வராது, அது பூஜ்யம். அடுத்த துளைதான் ஒன்று. 9 இடைவெளியை அடக்க 10 துளைகள் வேண்டும். ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தால் எங்கேயாவது தவறும். அதனால் பிளேட்டின் முகத்தில் செக்டார் ஆர்ம் என்ற இரண்டு உலோகக் கைகள் (இடக்கை, வலக்கை) இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் 10 துளை அடங்கும்படி திறந்து, திருகை இறுக்கிவிட வேண்டும். இடக்கையைப் பின்னோடு ஒட்டி வைத்தால், அடுத்து பின் விழ வேண்டிய துளையை வலக்கை காட்டும். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, மேலும் வலக்கை வரை கொண்டுபோய்ப் பின்னை விட்டால், ஸ்பிரிங் அதைத் துளைக்குள் தள்ளும். உடனே இரண்டு கைகளையும் சேர்த்து நகர்த்தி, இடக்கை மறுபடி பின்னைத் தொடும்படி வைத்துவிட வேண்டும். அப்போதே செய்யாவிட்டால், கட்டர் ஓடி முடிவதற்குள் நகர்த்தினோமா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடும்.

எனக்கு இந்தக் கருவியின்மேல் தீராத மரியாதை வரக் காரணம் இந்த எண்ணிக்கை வசதியல்ல. பிழையை அது நடத்தும் விதம். பிளேட்டில் ஒரு துளை, மையத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி, தன் இடத்திலிருந்து 0.1 மி.மீ. விலகிப் போடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோணமாகப் பார்த்தால் அது சுமார் 344 விகலை (ஒரு பாகைக்கு 3600 விகலை). கவலைப்பட வேண்டிய அளவுதான். ஆனால் அந்தப் பிழை வார்ம் வழியாக ஸ்பிண்டிலுக்குப் போகும்போது 40-ல் ஒரு பங்காகிவிடுகிறது. மிஞ்சுவது 9 விகலைக்கும் குறைவு. நம் கியரின் 56 மி.மீ. விட்டமுள்ள பிட்ச் வட்டத்தில் (இணையும் கியரோடு தொட்டு உருள்வதாகக் கொள்ளும் வட்டம்) அது ஏறக்குறைய 0.001 மி.மீ. அதோடு, ஒரு துளையின் பிழை அந்தப் பல்லோடு நின்றுவிடும். காம்பஸில் நடந்ததுபோல அடுத்த பல்லுக்குத் தாவிச் சேர்வதில்லை. ஆனால் வார்ம் வீலின் பற்களிலேயே பிழை இருந்தால் அதை எதுவும் வகுக்காது. அப்படியே வேலைப்பொருளில் இறங்கும். ஒரு டிவைடிங் ஹெட்டின் தரம் அதன் பளபளப்பான பிளேட்டில் இல்லை, உள்ளே எண்ணெயில் கிடக்கும் அந்தச் சக்கரத்தில்தான்.

இந்தத் தத்துவத்தை 1770-களிலேயே லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் உச்சத்துக்குக் கொண்டுபோனார். கப்பல்களில் திசையும் இடமும் அறிய உதவும் செக்ஸ்டன்ட் கருவிகளுக்குப் பாகைக் கோடுகள் போடும் இயந்திரம் அவருடையது. அதன் பெரிய சக்கரத்தின் விளிம்பில் 2160 பற்கள். திருகை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் சரியாக 10 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) நகரும். மில்லிங் மெஷினோடு இது சேர்ந்தது அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில். துப்பாக்கி உறுப்புகளில் துளை போடும் ட்விஸ்ட் டிரில்களின் சுருள் பள்ளங்களை அதுவரை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு வழி தேடிய ஜோசப் பிரவுன் உருவாக்கிய யுனிவர்சல் மில்லிங் மெஷின் 1862-ல் விற்பனைக்கு வந்தது. வேலைப்பொருளைத் திருப்பிக்கொண்டே முன்னால் நகர்த்தும் ஹெட்தான் அதன் சிறப்பு. இரண்டு வருடம் கழித்து அவரே இன்னொன்றுக்கும் காப்புரிமை வாங்கினார்: முன்முகத்தைச் சாணை பிடித்துக்கொண்டே போனாலும் வடிவம் மாறாத கியர் கட்டர்.

அந்தக் கட்டரின் வடிவம் ஏன் அத்தனை முக்கியம்? கியர்ப் பல்லின் பக்கவாட்டு வளைவுக்கு இன்வலூட் என்று பெயர். உருளையில் சுற்றிய நூலை இறுக்கிப் பிடித்தபடி பிரித்தால் அதன் நுனி வரையும் கோடு அது. பற்கள் குறைந்தால் வளைவு கூடும். பற்கள் கூடக் கூட வளைவு நிமிர்ந்து, நேர்ப்பட்டையான ரேக்கில் முழு நேர்கோடாகிவிடும். நியாயப்படி ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு கட்டர் வேண்டும். நடைமுறையில் ஒரு மாட்யூலுக்கு (பல்லின் அளவு; பிட்ச் வட்டத்தின் விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தது) எட்டுக் கட்டர்களோடு சமாளிக்கிறார்கள். 12–13 பற்களுக்கு ஒன்று, 26–34 பற்களுக்கு ஒன்று, 135 முதல் ரேக் வரை ஒன்று என்று போகும். ஒவ்வொன்றும் தன் வரம்பின் மிகச் சிறிய எண்ணிக்கைக்குச் சரியாக வெட்டப்பட்டது. கவனிக்க வேண்டிய விஷயம், எண் வரிசை. அங்குல முறைக் கட்டர்களில் 1 என்பது 135-க்கு மேற்பட்ட பற்களுக்கு. மாட்யூல் கட்டர்களில் பெரும்பாலும் அதே 1 என்பது 12–13 பற்களுக்கு. 28 பற்களுக்கு முதல் முறையில் 4-ஆம் எண், இரண்டாவதில் 5-ஆம் எண். எண்ணை நம்பாமல், கட்டரின் பக்கத்தில் பொறித்திருக்கும் பல் வரம்பைப் படிப்பதே பாதுகாப்பு.

2 மாட்யூலில் 28 பல் வெட்டுகிறோம் என்றால், பிட்ச் வட்டம் 56 மி.மீ., பிளாங்கின் (பல் வெட்டாத வட்டத் துண்டின்) வெளிவிட்டம் 60 மி.மீ., பள்ளத்தின் ஆழம் 4.5 மி.மீ. பிளாங்கை மேண்ட்ரல் என்ற தண்டில் ஏற்றி, ஹெட்டுக்கும் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்குக்கும் நடுவில் பிடித்து, முதலில் நுண்ணிய ஆட்டத்தையும் காட்டும் டயல் இண்டிகேட்டரை வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள் அதிகம். பங்கீடு 0.001 மி.மீ. வரை சரியாக இருந்து, பிளாங்க் 0.05 மி.மீ. ஆடினால் என்ன பயன்? ஒரு பக்கம் பற்கள் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மேலோட்டமாகவும் விழும். துளைக் கணக்கைவிட இந்த ஆட்டம்தான் கியரைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. அடுத்து, கட்டரின் நடுக்கோடு ஸ்பிண்டிலின் அச்சுக்கு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் ஒதுங்கினாலும் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

வார்முக்கும் வீலுக்கும் நடுவில் எப்போதும் கொஞ்சம் பேக்லாஷ், அதாவது பற்களுக்கிடையே தளர்வு, இருக்கும். அதனால் கிராங்கை ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். துளையைத் தாண்டிப் போய்விட்டால், தாண்டிய அளவு மட்டும் திரும்பி வருவது தவறு. அரைச் சுற்றாவது பின்னால் போய், பழைய திசையிலேயே மறுபடி வந்து பின்னை விட வேண்டும். வெட்டும் முன் ஸ்பிண்டில் லாக்கை இறுக்குவது, திருப்பும் முன் தளர்த்துவது, இரண்டும் ஒவ்வொரு பல்லுக்கும் உண்டு. முழு ஆழத்துக்கு இறங்கும் முன், கட்டர் பட்டும் படாமலும் 28 இடத்திலும் ஒரு கீறல் போட்டுக்கொண்டு ஒரு வட்டம் வந்துவிடலாம். கடைசித் திருப்பத்துக்குப் பின் கட்டர் முதல் கீறலிலேயே வந்து உட்கார்ந்தால் கணக்கு சரி. உட்காராவிட்டாலும் வீணானது மேல்தோல் மட்டுமே.

இதுவரை எல்லாம் சுமுகம். 127 பல் வேண்டும் என்றால் பிளேட்டுகள் கைவிரித்துவிடும். இது வெறும் விபரீத ஆசையில்லை. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை 5-ஆல் பெருக்கினால் 127. அங்குல லீட் ஸ்க்ரூ (வெட்டும் கருவியை நகர்த்தும் நீளத் திருகு) உள்ள லேத்தில் மெட்ரிக் மரையைப் பிசகில்லாமல் வெட்ட இந்தக் கியர்தான் வழி. 127 பகா எண். எந்த வட்டத்திலும் அதற்கு இடமில்லை.

டிஃபரென்ஷியல் இண்டெக்சிங் இங்கே வருகிறது. 127-க்குப் பக்கத்தில் எளிதான ஓர் எண்ணை, சொல்லப்போனால் 120-ஐ, எடுத்துக்கொள்கிறார்கள். 40-ஐ 120-ஆல் வகுத்தால் 1/3 சுற்று. 18 துளை வட்டத்தில் 6 இடைவெளி. இப்படியே போனால் 120 பல்தான் வரும். அதனால் பிளேட்டின் பூட்டைத் திறந்துவிட்டு, ஸ்பிண்டிலிலிருந்து கியர்கள் வழியாகப் பிளேட்டையே மெதுவாகப் பின்னோக்கிச் சுற்ற வைக்கிறார்கள். பின் விழ வேண்டிய துளை, கிராங்க் அதைத் தேடி வரும்போதே கொஞ்சம் எதிரே வந்து நிற்கும். எவ்வளவு? வித்தியாசம் 7, அதை 40-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 7/3. ஸ்பிண்டிலில் 56 பல் கியர், பிளேட்டை ஓட்டும் தண்டில் 24 பல் கியர், திசை மாற்ற இடைக் கியர். கணக்கைச் சரிபார்க்கலாம்: ஒரு பங்கில் ஸ்பிண்டில் 1/127 சுற்று திரும்ப, பிளேட் 7/381 சுற்று பின்வாங்கும். 1/3-லிருந்து அதைக் கழித்தால் 120/381, சுருக்கினால் 40/127. கிராங்க் சுற்ற வேண்டியது அதே அளவுதான்.

இப்படி மாட்டும் மாற்றுக் கியர்கள் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அது எனக்கு இதைவிடப் பிடித்தது. காகிதப் பட்டையில் 5 மி.மீ. இடைவெளியில் கோடுகள் போட்டு 635 மி.மீ.க்கு வெட்டினால் 127 இடைவெளி. ஒரு வட்டத் தகட்டை, அந்தப் பட்டையின் இரு முனையும் சரியாக முட்டும்வரை கடைந்து குறைத்து (விட்டம் 202 மி.மீ. அளவில் வரும்), பட்டையை ஒட்டி, கோடுகளுக்கு நேராகக் கண்ணால் பார்த்துத் துளை போட வேண்டும். 0.3 மி.மீ. பிசகினாலும் போகட்டும். அதையே இண்டெக்ஸ் பிளேட்டாக மாட்டி, திருப்பத்துக்கு 40 இடைவெளி வீதம் நகர்ந்து, ஸ்பிண்டிலில் பிடித்த இன்னொரு தகட்டில் 127 துளை போட்டால், 0.3 மி.மீ. பிழை புதிய தகட்டில் அதே ஆரத்தில் 0.0075 மி.மீ. ஆகிவிடும். 40-க்கும் 127-க்கும் பொதுக் காரணி இல்லாததால் பின் எல்லாத் துளையையும் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்கு வரும். இந்த இரண்டாவது பிளேட்டை மாட்டிக் கியரை வெட்டலாம். மூன்றாவது தலைமுறை போவதில் லாபமில்லை. அதற்குள் வார்ம் வீலின் சொந்தப் பிழையே பெரிதாகத் தெரியும்.

கையால் செய்த இந்தப் பிளேட்டுக்குச் சில வேலைகளில் மாற்றே கிடையாது. பற்கள் சுருளாகச் சாய்ந்து போகும் ஹெலிக்கல் கியர் வெட்டும்போது மேசையின் லீட் ஸ்க்ரூவையும் ஹெட்டையும் மாற்றுக் கியர்களால் இணைத்து, மேசை நகர நகர வேலைப்பொருள் தானே திரும்பும்படி செய்வார்கள். 6 மி.மீ. பிட்ச் உள்ள ஸ்க்ரூவோடு ஒன்றுக்கு ஒன்று இணைத்தால், மேசை 240 மி.மீ. போகும்போது ஸ்பிண்டில் ஒரு முழுச் சுற்று வரும். இந்தக் கியர் வரிசை பிளேட்டோடு சேர்த்தே வார்மைச் சுற்றுவதால், டிஃபரென்ஷியலுக்கு வேண்டிய வரிசையை அதே நேரத்தில் மாட்ட வழியில்லை. 127 பல்லில் ஹெலிக்கல் கியர் வேண்டுமென்றால் 127 துளைப் பிளேட் கையில் இருந்தே ஆக வேண்டும்.