ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பாருங்கள்

ஜூலை 1 வந்தால் எங்கள் சங்கத்தில் புதுத் தலைவர் பொறுப்பேற்பார். ரோட்டரி ஆனாலும் லயன்ஸ் ஆனாலும் ஆண்டு தொடங்குவது அன்றுதான். அடுத்த பதினைந்து நாளில் உதவி கேட்டுக் கடிதங்கள் வந்து குவிந்துவிடும். முதியோர் இல்லத்துக்கு வாஷிங் மெஷின், அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உதவி என்று எல்லாமே நியாயமான தேவைகள். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டோ மூன்றோதான் செய்ய முடியும்.

நான் ஆடிட்டர். இருபது வருடமாக அறக்கட்டளைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறேன். சங்கத்தின் சேவைக் குழுவிலும் இருக்கிறேன். அதனால் நன்கொடை கொடுப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும், வாங்குகிறவர்கள் வெளியே சொல்லாமல் விடுவது என்ன என்பதும் தெரியும். அந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்துக்கு ஆறு சக்கர நாற்காலிகள் கொடுக்கத் தீர்மானம் போட்டிருந்தோம். விழாத் தேதிகூடக் குறித்தாயிற்று. அதற்கு முன் ஒரு நடை போய் வரலாமே என்று நானும் இன்னோர் உறுப்பினரும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனோம். பொறுப்பாளர் அம்மா எங்களை உட்கார வைத்துவிட்டுத் தேநீர் சொல்லப் போனார். பக்கத்துச் சாமான் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒன்பது சக்கர நாற்காலிகள். இரண்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஏதோ ஒரு சங்கத்தின் பெயர்.

தயங்கித் தயங்கித்தான் அந்த அம்மா சொன்னார். "வேண்டாம்னு சொல்ல மனசு வரல சார். இதை வேண்டாம்னா அடுத்த தடவை எதுக்குமே வரமாட்டாங்களோன்னு பயம். நாற்காலி இருக்கு சார், தள்ளத்தான் ஆள் இல்ல."

32 பிள்ளைகளுக்கு மூன்று ஆயாக்கள். ஐந்து பேர் இருந்த இடம். சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப் போனதும் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஆயா நான்கு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, ஒரே தட்டிலிருந்து வரிசையாக ஊட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பையனின் முறை வருவதற்குள் சோறு ஆறிப்போயிருந்தது. அவன் வாயைத் திறந்தபடியே காத்திருந்தான்.

அன்று மாலைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "சம்பளத்துக்கெல்லாம் சங்கப் பணம் கொடுக்க முடியாது, நம் பணம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த இல்லத்தில் ஊட்டுவதும், குளிப்பாட்டுவதும், ராத்திரி வலிப்பு வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அந்த ஆயாக்கள்தான். பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வதற்கு வேறு வழியே கிடையாது.

சரி, ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் என்ன பார்க்கிறேன்?

முதலில் காகிதம். இதில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. டிரஸ்ட் டீடு (அறக்கட்டளைப் பத்திரம்) அல்லது சங்கப் பதிவுச் சான்று, பான் எண், வருமான வரிப் பதிவு, மூன்று வருடத் தணிக்கை அறிக்கை. குழந்தைகள் இல்லம் என்றால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படியான பதிவு கட்டாயம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது இல்லாத இல்லத்துக்கு, எவ்வளவு இரக்கம் வந்தாலும், பணம் கொடுக்காதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் விவரம் தெரிந்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் என்றால் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுச் சான்று வேண்டும்.

80ஜி எனப்படும் வருமான வரிச் சலுகை பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அது கொடுப்பவருக்குக் கிடைப்பது. வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கான சான்றிதழ் ஆகாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருக்கும் தனிநபருக்கும் கிடையாது. எங்கள் ஊரில் அரசு மருத்துவமனை வாசலில், நோயாளிகளோடு வந்து தங்குபவர்களுக்கு மதியச் சோறு போடுகிற ஒரு குழு இருக்கிறது. பதிவும் இல்லை, ரசீதுப் புத்தகமும் இல்லை. அவர்களை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. இப்போது மளிகைக் கடைக்கு எங்கள் சங்கத்தின் அறக்கட்டளையே காசோலை கொடுத்து அரிசி, பருப்பு இறக்கிவிடுகிறது. பில் எங்கள் பெயரில், இறக்கிய அன்று வாங்கியவரின் கையெழுத்து. கணக்கும் சுத்தம். இன்னொரு விஷயமும் இருக்கிறது. வரி விலக்குப் பெற்ற ஓர் அறக்கட்டளை இன்னோர் அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தால், அதில் 85 சதவீதத்தை மட்டுமே அறப்பணிச் செலவாக வருமான வரித் துறை ஏற்றுக்கொள்ளும். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்த மாற்றம் இது. நேரடியாகப் பொருள் வாங்கிச் செலவு செய்தால் அந்தக் குறைப்பு வராது.

அப்புறம் கணக்கு. வரவு செலவுக் கணக்கில் நான் முதலில் தேடுவது வாடகை. அறங்காவலரின் சொந்தக் கட்டடத்துக்கே அறக்கட்டளை வாடகை கொடுக்கிறதா, அது ஊர் வாடகைதானா? அடுத்து சம்பளம். முப்பது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சம்பளச் செலவு மிகக் குறைவாக இருந்தால் பலர் அதைச் சிக்கனம் என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அங்கேதான் கவலை வரும். யாரோ ஒருவர் சம்பளம் இல்லாமல் உழைக்கிறார், அல்லது பிள்ளைகளைப் பார்க்க ஆளே இல்லை. வைப்புநிதி இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருக்கும் இல்லம், நன்கொடை நின்றாலும் பிள்ளைகளைப் பட்டினி போடாது.

எல்லாவற்றையும்விட நேரில் போவது முக்கியம். பண்டிகை நாளில் போகாதீர்கள். தீபாவளியன்று ஒரு முதியோர் இல்லத்துக்கு மூன்று இடத்திலிருந்து சாப்பாடு வந்து, சாயங்காலம் பாதியைக் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதே இல்லத்தில் அடுத்த மாதம் சர்க்கரை நோய் மாத்திரைக்குக் காசில்லை. சாதாரண வேலை நாளில் போய், சமையலறையையும் கழிப்பறையையும் பாருங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டால், கொடுப்பவருக்குப் பிடிக்கும் பதில்தான் வரும். "போன மாதம் எந்தச் செலவுக்குத் திண்டாடினீர்கள்?" என்று கேளுங்கள்.

சங்க உறுப்பினர் ஒருவர் உதவி கேட்கும் அமைப்பில் அறங்காவலராக இருந்தால், முதலிலேயே சொல்லிவிட்டு, முடிவெடுக்கும்போது அவர் வெளியே இருக்க வேண்டும். மினிட் புத்தகத்தில் அதைப் பதிவு செய்துவிட்டால் பிறகு யாருக்கும் மனஸ்தாபம் வராது.

புகைப்படம் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையில் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிறோம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. சிறைத் தண்டனைகூட உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பையன் நாளைக்கு வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். எங்கள் சங்கத்தில் இப்போது பொருட்களை மட்டும்தான் படம் எடுக்கிறோம்.

அந்த இல்லத்துக்குச் சக்கர நாற்காலி கொடுக்கவில்லை. இரண்டு ஆயாக்களின் சம்பளத்தை மூன்று வருடத்துக்கு ஏற்றுக்கொண்டோம். தலைவர் வருடா வருடம் மாறுவாரே என்பதுதான் சிக்கலாக இருந்தது. மூன்று வருடப் பணத்தையும் முதலிலேயே ஒதுக்கி வங்கியில் போட்டுவிட்டு, அடுத்து வரவிருந்த இரண்டு தலைவர்களையும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட வைத்தோம். கல்வெட்டு இல்லை, விழாவும் இல்லை. மாதம் 5-ஆம் தேதி சம்பளப் பதிவேட்டின் படம் பொருளாளருக்கு வந்துவிடும். இரண்டு கையெழுத்துகளில் ஒன்று கைநாட்டு. இரண்டாவது வருடம் நான்கைந்து மாதம் போன பிறகு, அந்த இடத்தில் கோணல் மாணலாகப் பெயர் எழுதியிருந்தது. பொறுப்பாளர் அம்மாவை அழைத்துக் கேட்டேன். சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது ஆயாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாராம்.