கால் மில்லிமீட்டர் பிடி

பாலக்காடு பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பிடி போட்டுத் தரும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். கள் இறக்குபவர்கள் பாளை சீவும் கத்தியைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்துவிட்டு, எதிர்க் கடையில் சாயா குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். போன வருஷம் நானும் போய் அவர்களோடு உட்கார்ந்தேன். போட்டிக்குச் சுட்டுப் பழகும் என் ஏர் பிஸ்டலை (காற்றழுத்தத்தில் சுடுவது) வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, அதன் மரப்பிடியை மட்டும் கழற்றி மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வால்நட் மரம். "நம்மூரு வாகை மாதிரி இருக்குது. இது யாரு கைக்குப் போட்டதுங்க அம்மிணி?" என்று கேட்டார்.

யார் கைக்கும் போட்டதில்லை. காலணி போலச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவு பார்த்து வாங்குகிற பிடி அது. என்னுடையது நடுத்தரம். ஆறு மாதமாக கோவையில் சுட்டுப் பழகும் ஒரு ரேஞ்சில் அதை வைத்துக்கொண்டுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கிய பிறகு, எங்கள் பக்கத்திலும் இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி, "கண் நல்லா தெரியணுமோ?" என்பதுதான். கண் வேண்டும்தான். ஆனால் முதலில் உட்கார வேண்டியது கை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் காரணம் புரியும். 10 மீட்டர் தள்ளி இருக்கும் குறி அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் அகலம். பெல்லட் என்கிற சின்னக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், அதன் ஓரம் கோட்டைத் தொட்டாலே உள்வளையத்தின் மதிப்பெண் கிடைக்கும்.

குறி பார்க்க பிஸ்டலில் இரண்டு பொருள் உண்டு. பின்னால் ஒரு காடி, அது பின் சைட். குழலின் நுனியில் ஒரு சின்னக் கட்டை, அது முன் சைட். காடியின் நடுவில் கட்டை நிற்க வேண்டும், இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர். 10 மீட்டர் என்பது அதைப்போல முப்பது மடங்கு.

இப்போது இரண்டு விதமான தப்பை யோசிப்போம். முதலாவது, கை முழுவதும் அப்படியே 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது, ஆனால் சைட் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராகவே இருக்கின்றன. பெல்லட்டும் 5 மில்லிமீட்டர்தான் தள்ளி விழும். மதிப்பெண் 10. இரண்டாவது, கை நகரவே இல்லை; மணிக்கட்டு மட்டும் லேசாகத் திரும்பி, முன் சைட் காடியின் நடுவிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகுகிறது. அட்டையில் அது 30 மில்லிமீட்டர் ஆகிவிடும். மதிப்பெண் 7. கால் மில்லிமீட்டரைத் தாண்டிக் கொஞ்சம் விலகினாலே பத்து போச்சு. கோணமாகச் சொன்னால் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே கை ஆடுவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. உயிருள்ள கை ஆடத்தான் செய்யும். நொடிக்கு 8 முதல் 12 தடவை வரை தசைகள் தாமாகவே நடுங்கிக்கொண்டிருக்கும். மணிக்கட்டு திரும்புவதுதான் ஆகாது. நல்ல பிடி என்றால் என்ன என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. மணிக்கட்டை யாரும் திருத்தாமலே சைட் இரண்டும் தானாக நேரில் வந்து நிற்க வேண்டும், ஒவ்வொரு தடவையும். மெத்தென்று இருக்கிறதா என்பது அப்புறம்.

சரி, பிஸ்டலைக் கைக்குள் எப்படி வைப்பது? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் கவை, பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு மேலே ஏறுமோ அவ்வளவு மேலே ஏற வேண்டும். மேலிருந்து பார்த்தால் குழலும் முன்கையும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். அழுத்தம் கொடுப்பது நடுவிரலும் மோதிர விரலும்தான், அதுவும் நேர் பின்னோக்கி. கட்டைவிரல் சும்மா படுத்திருக்கட்டும். சுண்டுவிரலுக்கும் வேலை இல்லை.

எவ்வளவு இறுக்கலாம் என்றுதான் நான் ரொம்ப நாள் குழம்பினேன். தசை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறதோ அவ்வளவு நடுக்கமும் கூடும், அதனால் நசுக்கிப் பிடிப்பது வீண். தொளதொள என்று பிடித்தாலும் ட்ரிகரை இழுக்கும்போது பிஸ்டல் கைக்குள் புரளும். இதற்கு நடுவில், கையைப் பிடித்துக் குலுக்குவது போன்ற ஓர் அழுத்தம் போதும். அதைவிட முக்கியம், முதல் குண்டுக்கு என்ன அழுத்தமோ அறுபதாவது குண்டுக்கும் அதே இருப்பது. போட்டியில் 75 நிமிஷத்தில் 60 குண்டு. ஒரு கிலோ சொச்சம் எடையை நீட்டிய ஒற்றைக் கையில் அறுபது தடவைக்கு மேல் தூக்க வேண்டும்.

இனி ஆள்காட்டி விரல். உள்ளங்கையை மேசைமேல் மல்லாக்க வைத்து மோதிர விரலை மட்டும் மடக்கிப் பாருங்கள். பக்கத்து விரல்களும் கூடவே இழுபடும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் முன்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதுதான் காரணம். ஆள்காட்டி விரலுக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு, ஆனால் கை பதறினால் அதுவும் போய்விடும். ட்ரிகரை இழுக்கிற நொடியில் எல்லா விரலும் சேர்ந்து, பசு மடியில் பால் கறப்பது போல அமுங்கும். வலக்கைக்காரர்களுக்குக் குண்டு கீழே இடப்பக்கம் போய் விழும். ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அரைக் கிலோவை விரல் நுனியின் சதைப்பகுதியால், நேர் பின்னோக்கி, மற்ற விரல்களுக்குச் சேதி போகாமல் ஏற்ற வேண்டும். இது ஒரு நாளில் வராது. பெல்லட் போடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து வெறுமனே ட்ரிகர் இழுத்துப் பழகுவதுதான் வழி. சுவரில் குறி இல்லாததால் கண் முன் சைட்டிலேயே நிற்கும். விரல் பண்ணும் குறும்பெல்லாம் அப்போது தெரியும். (காலி என்று தெரிந்தாலும் இன்னொரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் தூக்க வேண்டும்.)

உண்மையான அட்டை முன்னால் இருக்கும்போதும் கண் முன் சைட்டில்தான் இருக்க வேண்டும். அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும். எனக்கு வெள்ளெழுத்து வந்த பிறகு முன் சைட்டும் மங்கலாகிவிட்டது, அது வேறு கதை, கண்ணாடிக்கடைக் கதை.

பிடி கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கண்ணை மூடி, கையைத் தூக்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, கண்ணைத் திற. சைட் எங்கே நிற்கிறது என்று பார். பத்துத் தடவை. விலகல் பத்துத் தடவையும் ஒரே பக்கம் என்றால் குறை மரத்தில். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் என்றால் குறை நம்மிடம். எனக்குப் பத்துக்கு ஒன்பது தடவை முன் சைட் இடது ஓரத்தில் நின்றது. ஆறு மாதமாக மணிக்கட்டை வலப்பக்கம் திருகித் திருகிச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தோள்பட்டை வலித்ததற்கு வயசைக் குறை சொல்லியும் இருக்கிறேன்.

ஆசாரியிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு சாக்பீஸைப் பொடித்து என் உள்ளங்கையில் தடவிவிட்டு, பிடியைப் பிடிக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் பழுப்பு மரத்தில், கட்டைவிரலின் அடிமேடு படும் இடத்தில் மட்டும் வெள்ளை அப்பிக் கிடந்தது. அந்த மேடு பிடியின் பின்பக்கத்தை வலப்பக்கம் தள்ள, குழலின் நுனி இடப்பக்கம் போயிருக்கிறது. "இங்கதானுங்க முட்டுது" என்று அரத்தை எடுத்தார். நாலு இழுப்பு, மறுபடியும் சாக்பீஸ், மறுபடியும் நாலு இழுப்பு. உள்ளங்கைக் குழியில் வெள்ளையே படாத ஓர் இடம் இருந்தது; அங்கே இறுகிக் கெட்டியாகிற எபாக்ஸி மாவைப் பிசைந்து அப்பி, கையில் எண்ணெய் தடவிப் பிடிக்க வைத்து அச்சு எடுத்தார். எவ்வளவு செதுக்கலாம் என்பதற்கு விதி உண்டு. மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும், பிடி அதற்கு முட்டுக் கொடுக்கக் கூடாது, பிஸ்டல் முழுவதும் 420-க்கு 200-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். அதைச் சொன்னபோது, "அருவாளுக்கு இந்த வம்பெல்லாம் இல்லீங்க" என்று சிரித்தார்.

அன்று ராத்திரி மறுபடி சோதித்தேன். பத்தில் ஏழு தடவை நேர் நடுவில். மீதி மூன்றும் மூன்று திசையில் இருந்தன. அதற்கு அரம் உதவாது. கால் வைக்கும் இடத்தைத் தரையில் குறித்துக்கொண்டேன். இடக்கையை பாக்கெட்டுக்குள் விட்டேன். பாரிஸில் துருக்கியின் பிஸ்டல் வீரர் யூசுஃப் டிகேச் அப்படி நின்ற படத்தைப் பார்த்து ஸ்டைல் என்றார்கள் பலர். சும்மா தொங்கும் கை ஆடினால் தோளும் சேர்ந்து ஆடும், கட்டிப்போட்டால் அடங்கும், அவ்வளவுதான்.

மார்கழியில் செதுக்கிய பிடி. சித்திரை வந்ததும் இறுக்கமாக இருந்தது. வெயில் காலத்தில் ரத்த ஓட்டம் கூடி விரல்கள் கொஞ்சம் உப்பும். மறுபடி ஆசாரியிடம் போகக் கிளம்பி, அப்புறம்தான் உள்ளங்கையைத் தாங்கும் தட்டுக்கு ஒரு திருகு இருப்பது நினைவுக்கு வந்தது. அரைச் சுற்றுத் தளர்த்தினேன். ஐப்பசி மழை பிடித்ததும் திரும்ப அரைச் சுற்று முடுக்க வேண்டும் என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.