வயதுக்கு வயது முகம் மாறும் மாரடைப்பு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூடை சுமக்கும் 34 வயது இளைஞர் ஒருவர், விடியற்காலை 3 மணிக்குத் தொடங்கிய நெஞ்சு இறுக்கத்தை வாயுப்பிடிப்பு என்று எண்ணி, சோடா குடித்து, வாயு மாத்திரை போட்டு, ஏலம் முடியும்வரை வேலை பார்த்துவிட்டு 9 மணிக்குத்தான் என்னிடம் வந்தார். ஈ.சி.ஜி. தாளில் இதயத்தின் முன்சுவரைக் காட்டும் கோடுகள் கூடாரம்போல் எழும்பி நின்றன. சுகர் இல்லை, பி.பி. இல்லை, 16 வயதிலிருந்து பீடி, பகல் முழுவதும் வாயில் மாவா எனும் மெல்லும் புகையிலை.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 ஆண்டுகள் முன்னதாகவே வந்தது. இளவயதினரிடம் நான் முதலில் கேட்பது புகையிலையைப் பற்றித்தான். மெல்லும் புகையிலையும் இதயத்தை விட்டுவைப்பதில்லை. பெரும்பாலும் ஒரே குழாயில் இருந்த சிறு கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாய் திடீரென அடைபடுகிறது. பல ஆண்டுகளாக மெல்லச் சுருங்கிய குழாய்க்குப் பக்கக் கிளைகள் வளர்ந்து ஓரளவு கைகொடுக்கும். இவர்களுக்கு அதற்கு அவகாசமே கிடைத்திருக்காது. நடுவயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கொழுப்பும் சேர்ந்துகொள்கின்றன.

முதியவர்களின் கதை வேறு. கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த 72 வயது அம்மாவுக்கு நெஞ்சுவலியே இல்லை. “படுக்கவே முடியல டாக்டர், ராத்திரியெல்லாம் தலகாணியைச் சாத்தி உட்கார்ந்தே இருந்தாங்க” என்றார் மருமகள். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும், வயதான பெண்களுக்கும் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் இவை மட்டுமே அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனைக்கு வந்த 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ரத்தக்குழாய்க்குள் பலூனை விரித்து அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதி உள்ள இடமானால் 90 நிமிடங்களுக்குள் அடைப்பைத் திறக்க முயல்கிறோம். அது உரிய நேரத்தில் இயலாதபோது, அறிகுறி தொடங்கிய முதல் 12 மணி நேரத்துக்குள் உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். 75 வயதைக் கடந்தவர்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடுதல் என்பதால் இவ்வகை ஊசியான டெனெக்டிபிளேஸைப் பாதி அளவாகக் குறைக்கிறோம். முதியவர்களிடையே உயிரிழப்பு அதிகம்தான். ஆனால் அதனாலேயே உரிய சிகிச்சையால் காப்பாற்றப்படும் உயிர்களும் அவர்களிடையே அதிகம். ‘வயசாயிடுச்சு, எதுக்கு ஆஞ்சியோ’ என்று பிள்ளைகள் தயங்கும்போது இதைத்தான் பொறுமையாக எடுத்துச் சொல்கிறேன்.

2023-இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளை உடனடியாகக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். 108-ஐ அழைக்காமல் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வருபவர்களுக்கு, வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் மின்அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்ற ஆளிருக்காது.

இளைஞர்கள் பெரும்பாலும் பிழைத்து வீடு திரும்புகிறார்கள்; ஆனால் வலி போனதும் மாத்திரையை நிறுத்துவதும், புகையிலைக்குத் திரும்புவதும் அவர்களிடம்தான் அதிகம் காண்கிறேன். காசிமேட்டு இளைஞர் இரண்டையும் செய்யவில்லை. ஆனால் அந்த 6 மணி நேரத்தில் இறந்த தசை திரும்பவில்லை. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் திறன் 35 சதவீதத்தைத் தாண்டவில்லை. இப்போது அவர் கூடை தூக்குவதில்லை. அதே ஏலத்தில் கணக்கு எழுதுகிறார்.