ஆர்த்தே போவெரா – எளிய கலை

1960களில் இத்தாலியில் எழுந்த, எளிய பொருள்களால் படைக்கும் கலை இயக்கத்தின் பெயர் இது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இக்குறிப்பு. இத்தாலியத் தொடர். 'ஆர்த்தே' கலை, 'போவெரா' ஏழ்மையான, எளிய. முதற்சொல் பெண்பால் என்பதால் அடைமொழியும் பெண்பால் ஈறு பெறுகிறது. 'போவெரோ' என்று எழுதினால் பிழை.

பெயரிட்டவர் விமர்சகர் ஜெர்மானோ செலான்ட். 1967 செப்டம்பரில் ஜெனோவா நகரின் லா பெர்தெஸ்கா கூடத்தில் அவர் தொகுத்த கண்காட்சியின் தலைப்பில் இத்தொடர் வந்தது. ஒப்பனை, அரங்கப் பொருள், ஒளிவித்தை எல்லாவற்றையும் கழித்து நடிகரையும் பார்ப்பவரையும் மட்டும் மிச்சம் வைத்த போலந்து இயக்குநர் குரோட்டோவ்ஸ்கியின் 'ஏழை அரங்கு' இதற்கு முன்னோடி. ஆகவே 'போவெரா' குறிப்பது காசில்லாமையை அன்று, கழித்தலை.

தமிழில் 'ஏழைக் கலை' என்றால் ஏழைகள் படைக்கும் கலை என்றே படிப்பவர் கொள்வார். 'வறிய கலை' என்றால் கலையே வறண்டதாகத் தொனிக்கும். 'குப்பைக் கலை' வசவு. 'எளிய' என்ற சொல்லில் இரண்டு பொருளும் உண்டு: 'ஏழை எளியவர்' என்னும்போது இல்லாமை, 'எளிய நடை' என்னும்போது மிகையின்மை. எனவே எளிய கலை என்பதே சரி. 'எளிமைக் கலை' என்று நீட்ட வேண்டாம். அது வடிவங்களை மிகக் குறைத்துக் காட்டும் வேறொரு கலைப்போக்கான மினிமலிசத்தோடு குழம்பும்.

இச்சொல்லின் வீச்சை அறிய ஓவியம், சிற்பம், அரங்கு என எல்லாவற்றிலும் கைவைத்த மிக்கலாஞ்சலோ பிஸ்டொலெட்டோவைப் பார்க்கலாம். 1933இல் பியெல்லாவில் பிறந்தவர். டூரினில் தந்தையின் பழைய ஓவியச் சீரமைப்புப் பட்டறையில் தொழில் பழகியவர். 1961இல் தன்னுருவம் தீட்டும்போது, வார்னிஷ் பூசிய கறுப்புப் பின்னணியில் தன் முகம் தெரிவதைக் கண்டார். பார்ப்பவரின் பிம்பமும் படத்தில் சேரும் அவரது கண்ணாடி ஓவியங்கள் அங்கிருந்து பிறந்தன.

செய்முறை: எவர்சில்வர் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்ற வேண்டும். ஒளிப்படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, அந்த உருவத்தை மெல்லிய டிஷ்யூ தாளில் எடுத்து வண்ணம் தீட்டி, வெட்டித் தகட்டில் ஒட்ட வேண்டும். 1970களில் தாளின் இடத்துக்கு சில்க் ஸ்கிரீன் அச்சு வந்தது. சாதாரண நிலைக்கண்ணாடி இதற்கு உதவாது: ரசம் பின்புறம் இருப்பதால், ஒட்டிய உருவத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவே கண்ணாடியின் கனம் இடைவெளியாகத் தெரியும். தகட்டின் அடிவிளிம்பு தரையை ஒட்டி இருக்க வேண்டும். வழக்கமான ஓவியம்போல் உயரத்தில் மாட்டினால் உருவம் அந்தரத்தில் நிற்கும். பார்ப்பவரின் கால் படத்துக்குள் வராது, படைப்பே தோற்றுவிடும்.

1967இல் தோட்ட அலங்காரத்துக்கு விற்கும் வீனஸ் சிலை ஒன்றைக் கந்தல் குவியலை நோக்கி, நமக்கு முதுகு காட்டி நிறுத்தினார். 'கந்தல்களின் வீனஸ்' இதுதான். அந்தக் கந்தல் கடையில் தேடி வாங்கியதன்று. தகடு துடைத்துப் பட்டறையில் சேர்ந்த துணி. அதே ஆண்டு, செய்தித்தாளை உருட்டிச் செய்த பெரிய பந்தை டூரின் தெருக்களில் உருட்டிச் சென்றார். அடுத்து 'லோ ட்சூ' (மிருகக்காட்சிசாலை) என்ற குழுவோடு தெரு அரங்கு.

இத்தனைக்கும் ஜெனோவாவின் அந்த முதல் கண்காட்சியில் எளிய கலைப் பகுதியில் இடம்பெற்ற ஆறு பேரில் அவர் இல்லை. பெயர் விரிந்தபோது உள்ளே வந்தவர். 1998இல் பியெல்லாவின் பழைய கம்பளி ஆலையில் 'சித்தாதெல்லார்த்தே' அமைப்பைத் தொடங்கினார். 2003இல் வெனிஸ் பியெனாலே கலைக் கண்காட்சியின் வாழ்நாள் சாதனைத் தங்கச் சிங்க விருது பெற்றார்.

எளிய பொருளின் ஆபத்தும் வெளிப்படையானது. 2023 ஜூலையில் நேப்பிள்ஸ் சதுக்கத்தில் நிறுவிய பெரிய 'வீனஸ்' தீவைக்கப்பட்டுக் கருகியது. 2024இல் புதிதாகச் செய்து அங்கேயே நிறுவினார்கள்.

கட்டுரையில் முதன்முறை 'ஆர்த்தே போவெரா எனும் எளிய கலை' என்று சேர்த்து எழுதி, பிறகு தமிழ்ச்சொல்லை மட்டும் ஆளலாம். எவர்சில்வர் தகடும் நியான் விளக்கும் இதில் அடங்கும் என்பதால், 'இயற்கைப் பொருட்கலை' என்று மட்டும் விளக்கிவிட வேண்டாம்.