எங்கள் ஊருக்குக் கீரை எங்கே வருகிறது?

பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நீரிழிவுக்காக என்னிடம் உணவு ஆலோசனைக்கு வரும் வயதான அம்மா ஒருவர், மூன்றாவது முறையும் சர்க்கரை அளவு குறையாததைக் கண்டு நான் பட்டியலை மறுபடி விளக்கத் தொடங்கியபோது, "கீரையும் காயும் திங்கச் சொல்றீங்க தாயி, எங்க ஊருக்குக் கீரை எங்க வருது?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகள் உணவியல் நிபுணராக இருந்தும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போனேன். கிணற்றுப் பாசனத்தில் கத்தரியும் வெண்டையும் செழிப்பாகவே நின்றன. ஆனால் சாயங்காலம் பறித்த காய் சாக்கில் கட்டப்பட்டு, இரவோடிரவாக வேன் ஏறி மதுரை மண்டிக்குப் போகிறது. கமிஷனும் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் கழிந்தது போக மிச்சம் விவசாயி கைக்கு வருகிறது. ஊராருக்கான காய் மறுநாள் மதியத்துக்குமேல் ஒரு லோடு ஆட்டோவில் வந்து சேர்கிறது. அதிலிருந்த வெண்டைக்காய் ஒன்றின் நுனியை ஒடித்துப் பார்த்தேன். வளைந்ததே தவிர ஒடியவில்லை. கீரைக்கட்டு அந்த வண்டியில் இல்லவே இல்லை, வெயிலில் வாடிவிடும் என்று ஆட்டோக்காரர் எடுத்து வருவதில்லை.

ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உட்படச் சுமார் 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் பரிந்துரைக்கின்றன. நான்கு பேர் உள்ள வீட்டுக்குக் காய்கறி மட்டுமே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். ரேஷன் கடையில் விலையில்லா அரிசி கிடைக்கிறது, துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைக்கின்றன. பசியாற்றுவதில் இவை செய்திருப்பது பெரிய காரியம். தட்டில் சோறு குவிந்து காய் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு, சாப்பிடுகிறவரின் அறியாமையைவிட, காய் வந்து சேரும் வழிதான் பெரும்பாலும் காரணம் என்பதை என் துறையினர் பலர் இன்னும் ஏற்கவில்லை.

இதற்கு நம் மதுரையிலேயே முன்மாதிரி உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயி நேரடியாக விற்பது, மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவே அன்றன்று காலையில் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுவது என்ற இரண்டு ஏற்பாடுகளில்தான் அதன் பலம் இருக்கிறது. ஒவ்வொரு சிற்றூருக்கும் அரசு ஒரு சந்தை கட்டித்தர முடியாது என்றாலும், இந்த இரண்டையும் ஊரே நடத்திக்கொள்ள முடியும்.

அந்த ஊரின் மகளிர் சுயஉதவிக் குழுவினர் அதைத்தான் கேட்டார்கள்: பேருந்து நிறுத்தத்துக்கு அருகே வாரம் இரண்டு நாள் காலையில் உள்ளூர் விவசாயிகள் உட்கார்ந்து விற்க ஓர் இடம். முதல் மனு ஓர் அலுவலகத்தில் வாங்கி வைக்கப்பட்டதோடு சரி, பதிலே வரவில்லை. பிறகுதான் மே 1 கிராம சபைக்குத் தயாரானார்கள். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 200 பேர் கூடினால்தான் கூட்டம் செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. அவர்கள் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். கோரிக்கையை வாயால் சொல்லிவிட்டு வராமல், தீர்மானப் பதிவேட்டில் எழுதி, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டார்கள். ஏதாவது ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஒரு விஷயத்தைத்தான். பதிவேட்டில் ஏறாத கோரிக்கை கூட்டம் கலைந்ததும் காற்றோடு போய்விடுகிறது.

லோடு ஆட்டோக்காரரை விரட்ட வேண்டும் என்று கூட்டத்தில் சிலர் குரல் எழுப்பினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரும் தண்டல் பணத்தில் சரக்கெடுத்து, அழுகியது போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்துகிறவர். ஊரில் விளையாத உருளைக்கிழங்கையும் கேரட்டையும் அவரே அதே இடத்தில் விற்கட்டும் என்று குழுவின் மூத்த பெண்மணி ஒருவர் சொன்னபோது சச்சரவு அடங்கியது.

நகரத்தில் வழி சற்று வேறு. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-இன்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத உறுப்பினர்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். உங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாவை அப்புறப்படுத்துகிறார்கள் என்றால் கேட்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று. ரேஷன் கடைக்கும் இதேபோல் பிடி உண்டு: தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013, கடை அளவிலேயே கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது, உள்ளாட்சி அமைப்பு, மக்களே செயல்பாட்டைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையை நடத்தவும் சொல்கிறது. உங்கள் கடைக்கு அந்தக் குழு இருக்கிறதா, அதில் பெண்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது அந்த ஊரில் புதன், சனி காலை ஆறு மணிக்குப் புளிய மரத்தடியில் சாக்கு விரிக்கிறார்கள். விலைப்பலகை பள்ளிக்கூடத்துப் பழைய கரும்பலகை. அரைக்கீரையும் சிறுகீரையும் ஏழு மணிக்குள் தீர்ந்துவிடுகின்றன. அந்த அம்மாவின் சர்க்கரை அளவைப் பற்றி இப்போதே எதுவும் சொல்வது அவசரம். மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கீரையின் மேல் தெளிக்கத் தண்ணீர் அருகில் இல்லை என்பதுதான் இப்போதைய குறை, அக்டோபர் 2 கிராம சபைக்கான மனுவின் முதல் வரியும் அதுதான்.