மூணு சுழி ண-வும் மஞ்சள் போர்டும்

திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் ரயில் நுழையும்போது ஜன்னலோரம் இருக்கிறவருக்கு அந்த மஞ்சள் போர்டு சில விநாடிதான் கண்ணில் படும். மேலே தமிழ், நடுவே இந்தி, கீழே ஆங்கிலம். இந்தி தெரியாதவர்கள் நடு வரியைப் பார்த்த ஞாபகமே இல்லாமல் இறங்கிப் போவோம், ஆனால் பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவருக்கு அந்த ஒரு வரிதான் மொத்த போர்டும்.

காரணம் இதுதான்: தெரிந்த எழுத்தைக் கண்டுவிட்டால் மூளையால் அதைப் படிக்காமல் இருக்க முடியாது. 1935-இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். 'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதி, மையின் நிறம் என்ன என்று கேட்டுப் பாருங்கள், நாக்கு தடுமாறும், ஏனென்றால் கேள்விக்கு முன்னாடியே சொல்லைப் படித்து முடித்திருப்போம். சுத்தமாகத் தெரியாத மொழியில் எழுதினால் அந்தத் தடுமாற்றம் வராது. மூளையின் இடது பக்கம், பின்புறம் கீழே, எழுத்துகளை அடையாளம் காணும் ஒரு பகுதி இருக்கிறது. அது பிறவியிலேயே தயாராக வருவதில்லை, படிக்கப் படிக்கத்தான் அந்த வேலைக்குப் பழகுகிறது. எந்த மொழி படித்தவருக்கும் ஏறக்குறைய அதே இடம்தான்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் கேரள பஸ்ஸின் மலையாள போர்டைப் பாருங்கள். ண மாதிரி ஓரிரு எழுத்து பிடிபடும், சொல் பிடிபடாது. பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்தான், ஆனாலும் அக்கம்பக்கத்தில் புழங்கிய மொழி என்பதற்காகக் கண் படித்துவிடாது.

சரி, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கண் டாக்டர் 6 மீட்டரில் படிக்கச் சொல்லும் 6/6 வரியின், அதாவது சரியான பார்வை உள்ளவர் படிக்கக்கூடிய வரியின், எழுத்து 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே கணக்கில் 60 மீட்டருக்கு 9 சென்டிமீட்டர் ஆகிறது. இது ஆங்கில எழுத்தை வைத்துப் போட்ட கணக்கு. நம் மூணு சுழி ண-வையும் ரெண்டு சுழி ன-வையும் பிரிப்பது ஒரே ஒரு சுழிதான், தூரத்தில் முதலில் கலங்குவதும் அதுதான். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் மொழிப்பற்றாகவே பேசுகிறார்கள், எனக்கோ அது கண்ணுக்கும் நியாயமான கணக்காகவே படுகிறது.

கடைப் பெயர் புரியாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. ஆபத்தைச் சொல்லும் போர்டு அப்படியில்லை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து குற்றாலத்துக்கு வந்து குளிக்கிறார்கள், அந்த நேரம் பார்த்து மழை பெய்து அருவியில் வெள்ளம் வரலாம். அங்கே தமிழோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றும் கட்டாயம் வேண்டும் என்பேன். 20 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 3 சென்டிமீட்டர் எழுத்து என்பது கணக்குப்படி மிகக் குறைந்த அளவு. சாரலும் கூட்டமும் இருக்கிற இடம், இந்த மொழிகளும் சுழியும் வளைவுமான எழுத்துகள், அதனால் 6 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது.